ஏலக்காய்க் கடைக்கு வந்த கிரெடிட் கார்டு

முகர்ந்து பார்க்காமல் யாரும் காசை எடுக்காத வியாபாரம் ஏலக்காய் வியாபாரம். அதைப் போய் ஆன்லைனில் விற்கக் கிளம்பியவர்கள் நாங்கள். ஆன்லைன் கடை போட்டு அவதிப்படும் சொந்தங்களே, வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போதே இல்லை. நாங்கள் பட்டதை முதலில் நீங்களும் கொஞ்சம் படுங்கள்.

கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில் எங்கள் அப்பாவுக்குச் சின்னக் கடை. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர் ஸ்டெல்லா அக்கா, குமுளியில் நடக்கப்போகும் தன் கல்யாணத்துக்கு இருநூறு டப்பா ஏலக்காய் கேட்டார். எங்களுக்கு வந்ததிலேயே பெரிய ஆர்டர். ஒரே நிபந்தனை: கிரெடிட் கார்டில்தான் பணம், அதுவும் சனிக்கிழமைக்குள். இல்லையென்றால் வேறு கடை.

பேரம்

கார்டுப் பணத்தை வாங்கித் தரும் கம்பெனிகளைத் தேடினோம். முதல் கம்பெனி, கார்டில் வரும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கமிஷன் கேட்டது. வெளிநாட்டுக் கார்டு என்றால் இன்னும் கூடுதல். அப்பா பேரம் பேசாமல் உப்புகூட வாங்கமாட்டார். அந்தக் கம்பெனியின் சாட் பெட்டியில் "கொஞ்சம் கொறச்சுக்கங்க" என்று என்னை டைப் அடிக்கச் சொன்னார். பதில் போட்டது இயந்திரம்: "மன்னிக்கவும், புரியவில்லை." மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் அதே பதில். அப்பா எழுந்துவிட்டார்.

"ஒரு பைசா எறங்கமாட்டேங்கிறான், கல்லுளிமங்கன். இவன் வேணாம்த்தா."

திருப்பி வாங்குவது

இரண்டாவது கம்பெனிக்கு மாதச் சந்தா கட்டணும், சொந்த இணையதளம் வேணும். அதில், பிடிக்காத பொருளை எப்படித் திருப்பி வாங்குவோம் என்று ஒரு பக்கமும் எழுதணும். போனில் பேசிய கம்பெனி ஆளின் மூக்கால் பேசும் குரலிலேயே விதிமுறையை வாசித்துக் காட்டினேன். பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"பாயசத்துல போட்டுட்டு நல்லால்லைன்னா, பாயசத்தையா திருப்பி வாங்குவீக?"

பதினேழு சாக்கு

மூன்றாவதில் சந்தா இல்லை, இணையதளமும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பினால் போதும். வாங்குகிறவர் அதைத் திறந்து கார்டு எண்ணைப் போட்டுவிடுவார். உடனே விண்ணப்பித்தோம். வெளிநாட்டுக் கார்டுக்கு மட்டும், கம்பெனியிலிருந்து போனில் கூப்பிட்டு விசாரித்த பிறகே அனுமதி.

விடுவேனா நான்? தோழியின் போனிலிருந்து, மலையாளம் கலந்த ஆபீஸ் குரலில் அப்பாவைக் கூப்பிட்டேன்: "சாரே, ஸ்டாக் எத்தன சாக்கு உண்டு? ஒந்நு எண்ணிப் பறயணும்." அப்பா ஓடிப்போய் எண்ணி, மூச்சிரைக்க வந்து, "பதினேழு, மேடம்" என்றார். சிரித்து மாட்டிக்கொண்டேன். அப்பா அம்மாவிடம் திரும்பினார்.

"இன்னிக்கு அந்த மேடத்துக்குச் சோறு கெடையாது."

வெள்ளிக்கிழமை

டப்பா வாங்கிவிட்டு நான் திரும்பியபோது, அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, காலை ஆட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்: "சார், அக்கவுண்ட் யார் பேரில் உண்டு?"

"உங்கப்பன் பேருலதான்! பெத்த அப்பன் பேரு தெரியாதா, கழுத?"

கல்யாண ஆர்டர் கண்முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. டப்பாக் கட்டோடு ஓடிப்போய் அவர் எதிரே நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். மெதுவாக எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டார். போனில் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்:

"என்டெ அச்சன் பேரு மாதவன் ஆணு, சார். இனி சாரோட பேரு சொல்லணும்."

கமிஷன், சந்தா, லிங்க் என்று எதையெல்லாமோ அலசினோம்; அன்று மாலையே அனுமதி தந்து எங்களுக்கு வாய்த்தது, திட்டினாலும் போனை வைக்காத கம்பெனி.