வேலிக்கு அப்பால் விழுந்த பந்து

மெல்பேர்ணின் மல்கிரேவில் நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பூங்கா இருக்கிறது. அதன் மரவேலியோரப் புல்லில் எப்போதும் ஏதாவது ஒரு பந்து கிடக்கும். ரெனிஸ் பந்து, கிரிக்கெற் பந்து, ஒருமுறை புத்தம்புதுக் கால்பந்து. இங்கே ஒருவரும் பந்தைத் தேடுவதில்லை. போனால் போனதுதான், வேறொன்றை எடுத்து விளையாடுவார்கள். வந்த புதிதில் இவர்களுக்குச் செல்வம் கூடிப்போய்விட்டது என்று எரிச்சல்பட்டேன். பிறகு எரிச்சல் போய் ஒருவகைப் பயம் வந்தது. கிடக்கிற பந்தைக் குனிந்து எடுத்து, உள்ளே நிற்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி வேலிக் கட்டையின் மேல் வைத்துவிட்டுப் போவேன். மாலையில் திரும்பும்போதும் அது அங்கேயே இருக்கும். பதினொரு வருடமாக இதைச் செய்து வருகிறேன். ஏன் என்று மனைவி கேட்டால், யாராவது கால் தடக்கி விழுந்துவிடுவார்கள் என்று சொல்லுவேன். அது பொய்.

பந்து விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல. ஊரில் நாங்கள் நாலு பேர் விளையாடிய திடலின் வடக்குப் பக்கம் முள்வேலி. வேலிக்கு அப்பால் இராணுவம் பிடித்து வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயம். கூரை போன வீடுகள், ஆளுயரப் புல், அதற்கும் அப்பால் எங்கோ முகாம். எங்களிடம் ஒரே ஒரு பந்து இருந்தது, மின்கம்பிக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றிய ரெனிஸ் பந்து. பந்து வெளியே போனால் அடித்தவன்தான் எடுக்க வேண்டும். அதுதான் சட்டம். ஒரு நாள் பின்னேரம் நான் அடித்த அடி முள்வேலியைத் தாண்டிப் புல்லுக்குள் போய் விழுந்தது. செருப்பு வார் அறுந்துவிட்டது என்று குனிந்து அதை நோண்டிக்கொண்டு நின்றேன். வார் அறுந்திருக்கவில்லை. எங்கள் நாலு பேரில் ஒருவனான அன்ரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீ நில்லடா, எடுத்துக்கொண்டு வாறன்" என்றுவிட்டுக் கம்பியை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அவனுக்கும் எனக்கும் அப்போது பதினெட்டு வயது.

வெடிச் சத்தம் கேட்கவில்லை. கண்ணிவெடி இல்லை, சூடு இல்லை, கூச்சல்கூட இல்லை. புல் கொஞ்ச நேரம் அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. முகாமில் போய்க் கேட்டதற்கு அப்படி ஒருவரும் வரவில்லை என்றார்கள். யார் பந்தை அடித்தது என்று எல்லாரும் கேட்டார்கள். அடித்தவனைக் கூட்டிப்போய் விசாரிப்பார்கள் என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அன்ரன்தான் அடித்தான், அன்ரன்தான் எடுக்கப் போனான் என்று சொன்னேன். மற்ற இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் அதையே சொன்னார்கள். மூன்று நாள் வேலியடியில் நின்று பார்த்தோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போக விடவில்லை. இரண்டு மாதத்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. அன்ரனின் அம்மா பிலோமினா அன்ரி, ஏனடா அப்படி ஓங்கி அடித்தாய் என்று, இல்லாத மகனை இருபது வருடத்துக்கு மேல் ஏசிக்கொண்டிருந்தார்.

போன மாதம் அவர் ஊரில் காலமானார். அன்ரனின் தம்பி யூட் சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறான். நான் வந்து ஒரு வருடம் கழித்து, என்னைப் போலவே படகில் வந்தவன். கையில் இருப்பது தற்காலிக விசா, போனால் திரும்பி வர விடுவார்களோ என்ற பயத்தில் போகவில்லை. தாயின் சவ அடக்கத்தைப் போன் திரையில் பார்த்தான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் மெல்பேர்ணிலிருந்து போனேன். அன்ரிக்குச் சொல்லாததைத் தம்பிக்காவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ் முழுக்க மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். கோயில் வாசலில் யூட் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் மறந்து போயிற்று. அண்ணன் காணாமல் போனபோது யூட்டுக்கு ஒன்பது வயது. இப்போது அன்ரன் அடைந்திராத வயதில், அன்ரனின் தாடையுடன், அன்ரனின் தோள் சரிவுடன் நிற்கிறான். இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான் என்பதை நேரே பார்ப்பது நல்ல அனுபவம் அல்ல.

பூசை முடிந்து சாப்பிட்டதும் யூட் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தான். நகரத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு பேஸ்போல் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு வேலை. புல்லுக்குத் தண்ணீர் விடுவது, கோடு போடுவது, துப்புரவு. லீவு கேட்கவில்லையா என்றேன். வீட்டில் இருந்தால் அம்மாவின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றான். "நீங்களும் வாங்கோ அண்ணை, இண்டைக்குப் பெரிய மச், புரொபெஷனல் ஆக்கள் விளையாடுகினம்." வழிநெடுக, வான் வண்டியை ஓட்டியபடி, ஆட்டத்தின் விதிகளை விளக்கிக்கொண்டு வந்தான். வாசலில் இறங்கும்போது எத்தனை ஓவர் என்று கேட்டேன். விடிய விடிய இராமர் கதை, விடிந்தபின் இராமர் சீதைக்கு என்ன முறை என்ற கதைதான். யூட் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பும் அன்ரனுடையது.

பட்டப்பகல், ஜனவரி வெயில். மைதானம் கொள்ளக்கூடியதில் கால்வாசி சனம்கூட இல்லை. நீலக் கதிரைகள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. ஒலிபெருக்கி மட்டும் ஆயிரக்கணக்கானோருக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. பெயருக்கு முன்னால் ஒரு துண்டுப் பாட்டு, பெயருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேரின் கைதட்டல், பிறகு அமைதி. கூப்பிடுவதும் காத்திருப்பதுமான அந்த ஒழுங்கு எனக்கு ஒத்துவரவில்லை. படகால் இறங்கியதும் எங்களை வைத்திருந்த தடுப்பு முகாமில் காலையும் மாலையும் இப்படித்தான் பெயர் கூப்பிட்டு எண்ணுவார்கள். தூரத்தில், மைதானத்தின் எல்லையில் ஒரு பச்சை வேலி. அதற்கு அப்பால் வெயிலில் காய்ந்த ஆளுயரப் புல். வந்து உட்கார்ந்த கணத்திலிருந்து நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்தப் புல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டமும் விசித்திரமானதுதான். அடித்தவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான். நாலு மூலையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால்தான் அவனுக்கு ஓர் ஓட்டம். பாதி வழியில் நின்றுபோனால் கணக்கில் இல்லை. படகில் வந்த எங்கள் எல்லாருக்கும் இவர்கள் கணக்கில் பூச்சியம்தான் என்று நினைத்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து எழும்பிப் பச்சை வேலியைத் தாண்டிப் புல்லுக்குள் போனது. சனம் கைதட்டியது. அடித்தவன் அவசரமே இல்லாமல் மெல்லச் சுற்றி வந்தான். நடுவர் இடுப்புப் பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்துக் கொடுத்தார். விழுந்த பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நான் மட்டும் பார்த்தேன். காற்றே இல்லாத அந்த வெயிலில் ஓரிடத்தில் புல் அசைந்தது. யாரோ குனிந்து எதையோ தேடுகிற மாதிரி கொஞ்சத் தூரம் அசைந்து போய், நின்றுவிட்டது. முயலாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் பின்னால், ஆளில்லாத கதிரைகளில், டொக் டொக் என்று ஏதோ இறங்கி வந்தது. ஒவ்வொரு படியாக, ஆறுதலாக. திரும்பிப் பார்க்கப் பயந்து அப்படியே இருந்தேன். அது வந்து என் செருப்பில் முட்டி நின்றது. விலகி அடிபட்டு மேலே போய் விழுந்த பந்து. வெள்ளைத் தோல், சிவப்புத் தையல், இன்னும் சூடாக இருந்தது. யோசிக்காமல் எழும்பி மைதானத்துக்குள் எறிந்தேன். அங்கே நின்ற ஆட்டக்காரன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். சுற்றி இருந்தவர்கள் ஓவென்று சிரித்தார்கள். மூன்று கதிரை தள்ளி இருந்த வைக்கோல் தொப்பிக் கிழவி, அது உனக்குத்தான், வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாமே என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாங்கள் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்றேன். "ஏன்? அவர்களிடம் நிறைய இருக்கிறதே." எங்களிடம் ஒன்றுதான் இருந்தது என்று சொன்னேன். நான் இந்த அணியில் முன்பு விளையாடியவன் என்று அவர் விளங்கிக்கொண்டார் போலும். மரியாதையுடன் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தபோது வெயில் இன்னும் இருந்தது. சனம் கலைந்தது, பாட்டு நின்றது. யூட் ஒரு மஞ்சள் மேலங்கியும் கையில் ஒரு வெறும் வாளியுமாக வந்தான். இனி என்ன வேலை என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் போன பந்துகளைப் பொறுக்க வேண்டும், பயிற்சிக்கு உதவும் என்றான். இந்த நாட்டில் யாரும் பந்து தேடுவதில்லை என்றல்லவா நினைத்திருந்தேன் என்றேன்.

"ஆரும் தேடாயினம் எண்டு ஆர் சொன்னது? நான்தானே தேடுறனான்."

பேசிக்கொண்டே மைதானத்தைக் குறுக்கறுத்துப் பச்சை வேலியடிக்கு வந்துவிட்டோம். வேலியில் ஒரு சின்னக் கதவு. பாம்பு கவனம் என்று பலகை. யூட் கதவைத் திறந்துகொண்டு, திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "நீங்கள் நில்லுங்கோ அண்ணை, எடுத்துக்கொண்டு வாறன்."

நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால், அவன் முகம் நோவில் சுருங்கியது. இருபது வருடம் தொண்டையில் கிடந்தது, மனத்துக்குள் பேசிப் பார்த்த எந்த முன்னுரையும் இல்லாமல் வெளியே வந்தது.

"அண்டைக்கு அடிச்சது நான் யூட். அன்ரன் இல்லை. நான்தான் போயிருக்க வேணும். பயத்தில பொய் சொன்னனான்."

யூட் கையை இழுக்கவில்லை. எங்கோ ஒரு காகம் கத்தியது, இங்கத்தைக் காகம், கைக்குழந்தை அழுகிற மாதிரி. யூட் புல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம். கடைசிக் கிழமையும் அவனைத்தான் ஏசினவ."

பிறகு வாளியை என் பக்கம் நீட்டினான். "அடிச்ச ஆள்தானே எடுக்கிறது. போங்கோ."

போனேன். புல் நெஞ்சு வரை வந்தது, பிறகு கழுத்து வரை. பத்தடி போனதும் மைதானத்தின் சத்தம் ஒன்றும் இல்லை. என் மூச்சும் புல் உரசுவதும் மட்டும்தான். எதை மிதிக்கிறேன் என்று தெரியாமல், ஊரில் வைக்காத ஒவ்வொரு அடியையும் அங்கே வைத்தேன். ஒரு பந்து கிடைத்தது. தள்ளி இன்னொன்று. மூன்றாவதாகக் கையில் பட்டது சிறியதாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கறுப்பு ரேப் சுற்றிய ரெனிஸ் பந்து. பக்கத்துத் தெருக்களில் எங்கள் நாட்டுச் சனம் நிறைய, அவர்களின் பிள்ளைகள் விளையாடியதாக இருக்கும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அதை வாளிக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்து திரும்பிப் பார்த்தேன். வேலியடியில் யூட் இல்லை. திறந்த கதவு, அதற்கு அப்பால் வெறும் பச்சை மைதானம், ஆளில்லாத நீலக் கதிரைகள். கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் அன்ரன் வரவில்லை, வரவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒருவேளை அவன் வந்திருக்கலாம். ஏதோ ஒரு நாள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த முள்வேலியடிக்கு வந்திருக்கலாம். அங்கே யார் நின்றோம்? ஊரையே விட்டுப் போயிருந்தோம். ஒருவன் கனடாவில், ஒருவன் மண்ணுக்குள், நான் மல்கிரேவில். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் காணாமல் போனது நாங்கள்தான்.

அருகில் புல் விலகியது. என் உயிர் ஒருகணம் போய் வந்தது. யூட்தான். வேறு வழியால் சுற்றி வந்திருந்தான், கண்கள் சிவந்திருந்தன. நான் கையில் வைத்திருந்ததைப் பார்த்தான். வாங்கி, விரலால் ரேப்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தான்.

நான் அதை வேலிக்கு மேலால் மைதானத்துக்குள் எறிந்தேன். அது புல்லில் விழுந்து, கொஞ்சத் தூரம் உருண்டு, நின்றது. எடுக்க அங்கே ஒருவரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம்.