இடப்பக்கம் திரும்பாத கால்

போன வருடம் கோடையில், இங்கே ஸ்காபரோவில், என் மகளின் கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கியது இந்தக் கூத்து.

மாப்பிள்ளை வெள்ளைக்காரப் பிள்ளை. ரொறன்ரோவுக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் குடும்பம். அவர்கள் வீட்டுக் கலியாண வரவேற்பில் கன்ட்ரி பாட்டுப் போட்டு, எல்லோரும் வரிசையாக நின்று ஒரே மாதிரிக் காலெடுத்து ஆடுவார்களாம். லைன் டான்ஸ். இரண்டு பக்கத்துத் தாய்மாரும் முன்வரிசையில் நிற்பார்களாம். இதைச் சொன்ன மகளே, "அம்மா, நீங்கள் ஆட வேண்டாம். சும்மா இருந்து பாருங்கோ, அது காணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆடினால் இவளுக்கு வெட்கமோ? கேட்கப் பயம். ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

வீம்பு மட்டும் விடவில்லை. வோபர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில் சனிக்கிழமை காலையில் புதிதாகப் பழகுபவர்களுக்கு வகுப்பு. மரக்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போவேன். பக்கவாட்டில் அடி, பின்னால் அடி, குதிக்காலால் ஒரு தட்டு, எல்லாம் வந்தது. பிறகு எல்லோரும் ஒன்றாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் சனி பிடித்தது. ஐம்பத்தாறு வருடமாகக் கோயிலில் வலமாகவே சுற்றிக் கும்பிட்ட உடம்பு. மூளை இடம் என்றால் கால் வலம் போகும். ஒவ்வொரு முறையும் எனக்கு வலப்பக்கம் நின்றவரோடு மூக்கோடு மூக்கு முட்டுவேன்.

பழக்குகிற பெண்மணி ஒரு நாள் என் இடது மணிக்கட்டைப் பார்த்தார். கேதார கௌரி விரதத்துக்குக் கட்டிய காப்பு நூல், வருடம் முழுவதும் நான் கழற்றுவதில்லை. அந்த நூல் இருக்கிற பக்கம் திரும்பு என்றார். அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டேன், திரும்பலும் சரியாக வந்தது.

கலியாணம் நல்லபடி முடிந்தது. வரவேற்பில் பாட்டுத் தொடங்கியதும் எழும்பிப் போய்ச் சம்பந்தி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். மேடையில் மகள் வாயைப் பிளந்தாள். முதல் அடிகள் சரி. திரும்பும் நேரம் குனிந்து பார்க்கிறேன், நூலைக் காணவில்லை! இரண்டு கையிலும் அடுக்கிய வளையலுக்குள் அது மறைந்துவிட்டது. கால் தன்பாட்டில் வலம் திரும்பியது. மண்டபம் முழுக்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சம்பந்தியின் மூக்கு என் மூக்குக்கு நேரே.

மகளோ நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தத்தான் வருகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் வந்து எனக்கு இடப்பக்கம் இடித்துக்கொண்டு நின்றாள்.

"இட்ஸ் ஓகே அம்மா. என்ர பக்கம் திரும்புங்கோ."

திரும்பினேன். சரியாக வந்தது. ஆடிக்கொண்டே, "உனக்கு வெட்கமெண்டு நினைச்சன் பிள்ளை" என்றேன்.

"எனக்கென்ன வெட்கம்? ஆரும் உங்களைப் பார்த்துச் சிரிச்சால் எனக்குத் தாங்காது. அதுதான் வேண்டாமெண்டனான்."

இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த இடத்திலேயே இறங்கியது. அன்றைக்கே வாய் திறந்து கேட்டிருக்கலாம், மடைச்சி நான்.

இப்போதும் சனிக்கிழமைகளில் வகுப்புக்குப் போகிறேன், மரக்கறி என்று பொய் சொல்வதில்லை. நூலையும் தேடுவதில்லை, இடப்பக்கம் என்றால் என் மகள் வந்து நின்ற பக்கம் என்று காலுக்கே தெரிகிறது.