வாசல் பள்ளத்துக்கு ஒரு புகார்

மாநில நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளரான அவர், தன் பொறுப்பிலிருந்த சாலையில், சொந்த வீட்டு வாசலுக்கு நேரே இருந்த பள்ளத்தை மட்டும் பல வருடங்களாகத் தொடவில்லை. மனைவி அதில் இரண்டு முறை இடறி விழுந்தும், பதவியை வைத்துத் தன் வாசலுக்கு ரோடு போட்டுக்கொண்டார் என்று ஊர் பேசுமே எனப் பயந்தார்.

அந்தச் சாலை மாநகராட்சிக்கு மாறியது. ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. மறுநாள் காலை, மாநகராட்சி அலுவலகத்தில் முதல் ஆளாகப் புகார் கொடுத்தார்.

எழுத்தர் தலையிலடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா எந்த மகராசன் சார் இதைக் கவனிக்காம இருந்தாரு?"

"அந்த மகராசன் நான்தாங்க."

எழுத்தர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாளே தார் வண்டி வந்தது. அவர் குனிந்து பார்த்து, "ஓரத்துல இன்னொரு தடவை உருட்டுங்க" என்றார்.

"உள்ள வாங்க, அது இப்ப உங்க ரோடு இல்ல!" என்று மனைவி அதட்டினாள்.