அத்தையின் பக்கத்து போல்ட்டுகள்

என் மேசைமேல் துருப்பிடித்த போல்ட் ஒன்று கிடக்கிறது. தலை மட்டும்தான் உருப்படியாக இருக்கிறது; மற்றது விரல் பட்டாலே உதிர்கிறது. சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போல்ட்டும் நட்டும் விற்றுப் பிழைக்கிறவன் நான். துருவைக் கண்டு பயந்தால் பிழைப்பு நடக்காது. ஆனால் இதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டு மொட்டைமாடி பெஞ்சிலிருந்து கழற்றியது இது. அங்கிருந்து பார்த்தால் கொள்ளிடம் தெரியும். சாயங்காலமானால் மாமா இடப்பக்கமும் அத்தை வலப்பக்கமுமாக அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் கொள்ளிடத்தில் குளிக்கப் போன மாமா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பெஞ்சின் இடப்பக்க போல்ட்டுகள் மட்டும் துருப்பிடிக்கத் தொடங்கின. மாற்றினாலும் அடுத்த மழைக்காலத்துக்குள் இற்றுப்போகும். மழை இரண்டு பக்கமும்தானே பெய்கிறது என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. சரக்கு மட்டம் என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மறுபடி பெஞ்சு சரிந்தபோது அத்தையின் மகன் கோபப்பட்டார். இன்னொரு தடவை விழுந்தால் விறகுக்குப் போட்டுவிடுவேன் என்றார். அத்தை மறுநாளே என் கடைக்கு வந்துவிட்டாள், முந்தானையில் ஒரு காந்தத்தை முடிந்துகொண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் துருவே பிடிக்காது என்பது ஊர் நம்பிக்கை. ஒட்டாத ஸ்டீலிலும் மட்டரகம் உண்டு, ஈரத்தில் அதன் சாயம் வெளுத்துவிடும் என்று சொல்லி, கடலோர வேலைகளுக்கு வாங்கிப்போகும் உயர்ந்த ரகத்தை எடுத்து வைத்தேன்.

"ஈரத்துலயே கெடந்தாலும் துரு ஏறாதுல்லடா?"

ஏறாது என்றேன். வலப்பக்கத்துக்கும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று இன்னும் நாலு எடுத்தேன். அவற்றை அத்தை ஒதுக்கி வைத்தாள்.

"என் பக்கத்துக்கு எதுக்கு? நான் என்ன நனைஞ்சுக்கிட்டா வந்து உக்கார்றேன்?"

உப்பு போதுமா என்று கேட்பதுபோல்தான் சொன்னாள். ஒதுக்கிய நாலையும் திரும்பப் பெட்டியில் போட்டேன். மாமாவுக்கு உட்கார இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை. நானே போய் மாட்டிக்கொடுத்தேன். அப்புறம் அந்த பெஞ்சு அசையவில்லை. அத்தை இருந்தவரை அவள் பக்கத்துச் சாதாரண போல்ட்டுகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வருடம் அத்தை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அஸ்தியைக் கொள்ளிடத்தில் கரைத்தோம். பெஞ்சு சரிந்துவிட்டது, வந்து பிரித்து எடுத்துக்கொண்டு போ என்று நேற்று அவள் மகன் அழைத்தார். மழை பெய்து வெகுநாள் ஆகிறது. மாடியேறிப் பார்த்தால், இடப்பக்கத்து ஸ்டீல் மாட்டிய நாளில் இருந்ததுபோலவே பளபளக்கிறது. வலப்பக்கத்து போல்ட்டுகள் எல்லாம் இற்றுப்போயிருந்தன. மரத்தில் கை வைத்தேன், சொதசொதவென்று ஈரம்.

"இங்க ஒரு குழாய்கூட இல்லையே, எப்படி நனைஞ்சுது?" என்றார் அத்தையின் மகன்.

நல்ல தேக்கு, விறகுக்குப் போட வேண்டாம், நானே சரிசெய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அது இப்போது மேசைமேல் கிடக்கிறது. பக்கத்தில், அத்தை அன்று வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ரகத்தில் நாலு எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாகப் போய் மாட்ட வேண்டும். அதுவரைக்கும் இரண்டு பேரும் எங்கே உட்காருவார்கள் என்பதுதான் கவலையாக இருக்கிறது.