ரேவதி அக்கா அழிக்காத டிஸ்க்

செய்தி குழுவில்தான் வந்தது. செங்கல்பட்டு வட்டாரத்து வீடியோ எடிட்டர்களும் ஸ்டுடியோக்காரர்களும் இருக்கிற குழு அது. வாடகைக்கு லென்ஸ் கேட்பார்கள், முகூர்த்த நாளில் கூடுதலாக ஒரு கேமராமேன் தேடுவார்கள். ஒரு புதன்கிழமை காலை அதில் ரேவதி அக்காவின் படம் வந்தது. சிஸ்டம் சர்வீஸ் ரேவதி நேற்று மாலை மாரடைப்பில் காலமானார், எடுப்பது இன்று மூன்று மணிக்கு, திருக்கழுக்குன்றம் சாலை வீட்டில். வயது நாற்பத்தொன்று.

கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "நல்ல வேலைக்காரி. அந்த அணுபுரம் டிஸ்க்க மட்டும் அழிக்காம இருந்திருந்தா பேரு கெட்டிருக்காது." அதற்குக் கீழே இரண்டு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

அந்த டிஸ்க்கை அழித்தது அவர் இல்லை, நான். அன்று அதை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மூன்று மணிக்குப் போனேன். மாலை வைத்தேன். அவருடைய கணவர் சேகர் அண்ணன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை. நான்கு வருடமாகச் சொல்லாததை அன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதை விட்டுவிட்டு அவருடைய நல்ல குணங்களை மட்டும் சொன்னால் நான் எழுதுவதற்கு அர்த்தம் இல்லை.

ரேவதி அக்கா மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தவர். வரிசையாக வரும் பாகங்களைச் சோதித்து, பழுதானதைத் தனியே எடுத்து வைப்பது அவர் வேலை. அந்த நாட்களிலேயே விடுமுறைகளில் கணினி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு கடை எதுவும் போடவில்லை. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, அவ்வளவுதான். யார் கூப்பிட்டாலும் வருவார். வந்ததும் உட்காராமல் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா இன்னா பண்ணீங்க?"

நான் செங்கல்பட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடிட்டராகச் சேர்ந்த மாதமே அந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்டேன். எங்கள் கணினி, எடிட் முடித்த வீடியோவை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் நேரத்தில் பாதியில் அணைந்துகொண்டிருந்தது. மென்பொருள்தான் காரணம் என்று அதை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியிருந்தோம். எங்கள் முதலாளி தனபால் அண்ணன், "ஒண்ணும் பண்ணலம்மா, அதுவா ஆஃப் ஆவுது" என்றார்.

"ஒண்ணும் பண்ணலன்னு சொல்ற எடத்துலதான் எல்லாத்தையும் பண்ணி வெச்சிருப்பாங்க. நல்லா யோசிச்சி சொல்லுண்ணா."

யோசித்துப் பார்த்ததில், ஏசி மாட்டுவதற்காகப் போன வாரம் மேசையைச் சுவரோரமாகத் தள்ளியது நினைவுக்கு வந்தது. அக்கா குனிந்து பார்த்தார். பெட்டியின் பின்புறம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தார். "உன் மூக்க செவுத்துல வெச்சி அழுத்தினு ஓடச் சொன்னா நீ ஓடுவியாண்ணா? அதுக்கும் காத்து வேணும்." அதன் பிறகு அது ஒருமுறைகூட அணையவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். வயரை மாற்றினால், போட்டுப் பார்ப்பார். பிறகுதான் அடுத்தது. கூட நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும். "ரெண்ட ஒண்ணா மாத்துனா சரியாத்தான் போவும். எதனால சரியாச்சின்னு மட்டும் தெரியாது. அப்டி சரியானது மறுபடி வந்து நிக்கும்" என்பார்.

சிரிக்க வைக்கவும் தெரியும். மாப்பிள்ளையின் நண்பர் கைபேசியில் எடுத்த கல்யாண வீடியோ ஒன்றை நான் எடிட் செய்துகொண்டிருந்தேன். தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். போகப் போக ஒலி பின்தங்கிக்கொண்டே வரும். தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளம் சில விநாடி தாமதமாகக் கேட்டது. இரண்டு நாளாக வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வேறு வேலையாக வந்த அக்கா என் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னாடி இது, மாப்ள தாலி கட்டி, கையத் தொடச்சி, பந்தியில குந்திடுவான் போலக்கீது. மேளக்காரன் இப்பதான் வண்டிய நிறுத்தினு வரான்."

பிறகு கேட்டார், "போன்ல எடுத்ததா?" ஆமாம் என்றேன். கைபேசி ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே எண்ணிக்கையில் படம் எடுப்பதில்லை, வெளிச்சத்துக்கு ஏற்ப கூட்டும் குறைக்கும், அதனால்தான் ஒலி நழுவுகிறது என்றார். முதலில் ஒரே வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யச் சொன்னார். இரண்டு நாள் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

இனி அந்த டிஸ்க்.

அணுபுரத்துக் குடும்பம் ஒன்றின் கல்யாணம். வைகாசி மாதம், அடுத்தடுத்து முகூர்த்தங்கள். கேமராவின் கார்டுகளில் இருந்ததை ஒரு வெளி டிஸ்க்கில் இறக்கிவிட்டு, கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டோம். எல்லா ஸ்டுடியோவிலும் நடப்பதுதான். அந்தப் பெரிய கோப்புகளை எங்கள் கணினி தாங்காது என்பதால், ஒவ்வொன்றுக்கும் தரம் குறைந்த சின்ன நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கும். நகலை வைத்து எடிட் செய்வோம். கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருள் டிஸ்க்கில் உள்ள அசலைத் தேடிப் போகும்.

டிஸ்க்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று திங்கட்கிழமை ரேவதி அக்கா வந்து பார்த்தார். வயரில்தான் கோளாறு என்று வயரை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் தனபால் அண்ணனும் கேமராமேனும் மண்டபத்தில் இருந்தார்கள். ஸ்டுடியோவில் நான் மட்டும். கேமராமேன் போன் செய்து, "காலி டிஸ்க் ஒண்ணு குடுத்தனுப்பு, இங்க எடம் இல்ல" என்றார். அணுபுரத்துக் கல்யாணத்தைத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஓடியது. எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடியது நகல்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. டிஸ்க்கை அழித்து, ஆட்டோவில் கொடுத்தனுப்பினேன். அதில் அவர்கள் வேறொரு கல்யாணத்தை இறக்கினார்கள்.

வியாழக்கிழமை பெண்ணின் அம்மாவும் அப்பாவும் பார்க்க வந்தார்கள். அவர்கள் எதிரில்தான் வீடியோவை வெளியே எடுக்கத் தொடங்கினேன். திரை முழுக்கச் சிவப்பு. கோப்பு இல்லை என்ற அறிவிப்பு ஒவ்வொரு காட்சியிலும். தனபால் அண்ணன் முகம் மாறியது. "மண்டபத்துக்கு வரும்போதே டிஸ்க் காலிதான். திங்கக்கெழம அதத் தொட்டது ரேவதிதான்" என்றார். எனக்கு அப்போது எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. பயம். வேறு காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

அக்கா வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மண்டபத்திலிருந்து திரும்பி வந்திருந்த அந்த டிஸ்க்கை எங்கள் ஸ்டுடியோவிலேயே வைத்து, அழிந்ததை மீட்கும் வேலையை இரண்டு பகல் செய்தார். இரண்டாம் நாள் மதியம் நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் ஒரு வரியைக் காட்டினார்.

"செவ்வாக்கெழம, பதினொண்ணு இருவதுக்கு ஃபார்மட் ஆயிக்கீது."

நான் திரையையே பார்த்தேன்.

"அப்ப நான் மறைமலைநகர்ல ஒரு ஆபீஸ்ல பிரிண்டர் பார்த்துகினு இருந்தேன். உங்க அண்ணன் மண்டபத்துல."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட எளிதான நேரம் எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அவர் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு, "சரி, டீ சொல்லு" என்றார்.

முகூர்த்தம் முழுதாகக் கிடைத்தது. வரவேற்பு கிடைத்தது. நலங்கின் பெரும்பகுதி மேல் வேறு கல்யாணம் பதிந்துவிட்டதால் வரவில்லை. அந்த இடத்தில் சின்ன நகலையே பெரிதாக்கிப் போட்டோம். முகங்கள் மங்கலாக இருந்தன. "எங்க வீட்டுப் பொண்ணுங்க எல்லாரும் இருக்கிறது இதுல மட்டும்தான்" என்று மறுபடி பார்க்க வந்தபோது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர்கள் போனதும் தனபால் அண்ணன் அக்கா பக்கம் திரும்பினார். "ஏம்மா இப்டிப் பண்ணே?"

"நான் பண்ணலண்ணா."

"அப்ப காத்து கருப்பு வந்து அழிச்சிச்சா?"

"நான் பண்ணல. யாருன்னு சொல்றது என் வேல இல்ல."

"அப்டின்னா நீதான்."

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பக்கம் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் பேச்சு எல்லா ஸ்டுடியோவுக்கும் போனது. ரேவதியிடம் டிஸ்க் கொடுக்காதே, போய்விடும். செங்கல்பட்டில் அவரைக் கூப்பிடுவது நின்றது. அவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மாமல்லபுரத்தில் விடுதிகளின் பில் போடும் கணினிகள், கடைகளின் கேமராக்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒருமுறை அவரைப் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு ஜோடியைக் கடற்கரையில் படம் எடுக்கப் போயிருந்தோம். விடுதி அறையில் மடிக்கணினி இயங்கவில்லை. திரை கறுப்பு, பீப் சத்தம் மட்டும். விடுதிக்காரர் தங்களுக்கு வழக்கமாகப் பார்க்கிறவரைக் கூப்பிட்டார். கதவைத் திறந்தால் அக்கா.

"நீயா? குந்து குந்து" என்றார், ஏதோ போன வாரம் பார்த்துப் பேசியது போல. மடிக்கணினியின் அடிப்பக்கத்தைக் கழற்றி மெமரியை உருவினார். அதன் பித்தளை நிறப் பற்களில் லேசாகப் பச்சை. பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றை எடுத்துத் தேய்த்தார். "உப்புக்காத்து. இந்தப் பக்கம் எல்லாத்துக்கும் இதான் வியாதி. இங்க வந்தா ஜன்னல் பக்கம் வெக்காத." மறுபடி சொருகியதும் திரை வந்தது.

பையை மூடும்போது சொன்னார்: "நான் தொட்டேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. உள்ள இருக்கறது எல்லாம் பூடுச்சின்னுவாரு."

கூட வந்த கேமராமேன் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. என்னுடைய அந்தச் சிரிப்பைத்தான் இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர் இறந்த பத்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். சேகர் அண்ணன் நெம்மேலி கடல்நீர் ஆலையில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். விடுப்பில் இருந்தார். நாற்காலி போட்டார். "அண்ணா, அந்த அணுபுரம் டிஸ்க்..." என்று தொடங்கினேன்.

"நீதான். தெரியும்மா. அன்னிக்கே வூட்டுக்கு வந்து சொல்லிச்சி."

"என்னைத் திட்டினாங்களா?" என்றேன்.

"திட்டாம? சோறு துண்ணுகினே திட்டிச்சி. கையக் கழுவினு வந்தும் திட்டிச்சி. செங்கல்பட்டுல ஒரு கடைகூட இல்லாம பூடுச்சில்ல."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நானும் அதான் கேட்டேன். நான் போய் அந்தாளுகிட்ட சொல்றேன்னேன். வேணாம்னுச்சி. 'அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, பயந்துகீது, அதுவா வந்து சொல்லும், பாரு'ன்னுச்சி." தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு வருசம் பார்த்துச்சி. அப்பால அதப் பத்திப் பேசறதயே வுட்டுடுச்சி."

நான் அழவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து நான் அழுவது நியாயம் இல்லை என்று தோன்றியது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

ரேவதி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு பகல்தான். தான் செய்யவில்லை என்று அவருக்குத் தெரியும். மற்றவர்கள் அவரைத்தான் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் அந்தக் கல்யாணம் அந்த வீட்டாருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று, கிடைத்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் செய்த தவறு என்பதையும், இப்போது செய்ய வேண்டிய வேலை எது என்பதையும் அவர் தனித்தனியே வைத்திருந்தார். எனக்கு அது இன்னும் வரவில்லை. அதைப் பார்த்தவள் நான் என்பது மட்டும் இருக்கிறது.

சேகர் அண்ணன் வீட்டிலிருந்து வந்த அன்று மாலையே குழுவில் எழுதினேன். கிழமை, நேரம், என் பெயர் எல்லாம் எழுதினேன். அணுபுரத்துக் குடும்பம் மாற்றலாகி வேறு ஊர் போயிருந்தது. எண்ணைத் தேடிப் பிடித்து அந்த அம்மாவிடமும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். குழுவில் முதலில் அந்த வரியை எழுதியவர் அதை நீக்கிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குத் தனபால் அண்ணன் வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு சேகர் அண்ணனிடம், வந்திருந்தவர்கள் கேட்கும்படி, "தப்பு எங்க கடையோடதுப்பா" என்றார். சேகர் அண்ணன், "சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். தனபால் அண்ணன் சாப்பிட்டார். மறுநாள் காலை எனக்குப் போன் செய்து, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். சரி என்றேன்.