ஸ்டெபிலைசருக்குப் பதிலாக நான் பாடினது

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பழைய ஸ்டெபிலைசர் இருக்கிறது. தெருவில் பவர்லூம் எல்லாம் ஓட ஆரம்பித்தால் கரண்ட் குறையும். உடனே இது 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு 'ம்ம்ம்' என்று இழுக்கும். தறிக்காரர்கள் டீ குடிக்கப் போனால் மறுபடி ஒரு டக், இழுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். அடுப்படியில் இருந்தபடியே "டீக்குப் போய்ட்டானுங்க" என்று நான் சொன்னால் சொன்னதுதான்.

சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கரண்டு போடுகிற இரைச்சலைப் பிடித்துப் பாட்டாக்குவதுதான் அவள் வேலையாம். காதில் ஹெட்போன், கையில் ஒரு குட்டி மைக். அதை டிரான்ஸ்பார்மர், டியூப் லைட், மோட்டார் என்று தெரு முழுக்கக் காட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் ஸ்டெபிலைசரில் காட்டி ஹெட்போனை என் காதில் மாட்டினாள். அடி ஆத்தே! பெட்டிக்குள்ளே ஒரு கூட்டமே பாடிக்கொண்டிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

"தெருவுலயே இதான் நல்ல குரல்மா. ஞாயித்துக்கெழம காலைல வந்து பதிவு பண்றேன். சாயந்தரம் மண்டபத்துல எல்லாரும் கேக்கலாம்" என்றாள்.

பக்கத்து வீட்டு ஓரகத்திக்கு முகம் சுண்டிப்போனது. "எங்க வூட்டு கிரைண்டருக்கு இன்னா கொறச்சல்?"

"அது பாடல, இருமுது" என்றேன்.

அதிலிருந்து எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். கறிகாய்க்காரர் வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து மைக்கைக் காட்டினாள். ஈ பறக்கிற சத்தம் கூட இல்லை. என் மகன் பெருமையாக நின்றான்.

"நேத்தே ஆளக் கூட்டியாந்து திருகெல்லாம் டைட் பண்ணி, உள்ள ரப்பர் வெச்சிட்டேன்மா. வெளியூர்க்காரங்க வந்து கேக்கறப்ப வூட்டுல சத்தம் வந்தா நல்லாவா இருக்கும்?"

விருந்தாளி வருகிறார்கள் என்று வாசலைக் கழுவிவிடுகிற மாதிரி, சத்தத்தைக் கழுவிவிட்டிருக்கிறான்! ரப்பரைப் பிடுங்கி, திருகைத் தளர்த்திப் பார்த்தோம். கொரகொரவென்று வந்ததே தவிர, அந்தக் குரல் வரவில்லை.

ஓரகத்தி வாசற்படியில் வந்து நின்றாள். "இன்னாக்கா, பொட்டி ஊமையாயிடுச்சா? கிரைண்டரப் போடட்டுமா?"

போட விடுவேனா? "மைக்கக் கொண்டா கண்ணு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடி, வாயை மூடி, 'ம்ம்ம்ம்' என்று ஆரம்பித்தேன். நடுவில் நாக்கைத் தட்டி ஒரு டக். டீக்குப் போனதற்கு ஒரு இழுப்பு, திரும்பி வந்ததற்கு ஒரு இழுப்பு. என் பல்லெல்லாம் அதிர்ந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்; தோள் மட்டும் குலுங்கியது.

சாயந்தரம் கல்யாண மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டார்கள். டிரான்ஸ்பார்மர் உறுமியது, டியூப் லைட் கூடச் சேர்ந்து பாடியது, எல்லாவற்றுக்கும் நடுவில் என் டக். ஜனங்கள் கொல்லென்று சிரித்துக் கை தட்டினார்கள்.

ஓரகத்தி என் காதருகே குனிந்தாள். "யக்கா, இதுல எது நீ, எது டிரான்ஸ்பார்மரு?"

"நல்லா இருக்கறதெல்லாம் நானு" என்றேன்.