தரை தொடாத ஏணி

அதுவரை எங்கள் பட்டறையில் ஏணி என்றால் ஏணிதான். கீழே இரண்டு கால், மேலே இரண்டு முனை, நடுவில் படிகள். சுவரில் சாய்த்தால் ஏறலாம், எடுத்துவைத்தால் தீர்ந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து எங்கள் நிம்மதியைக் கெடுத்தார்கள்.

என் வீட்டுக்காரர் செங்கம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஜன்னல் கிரில், கம்பி கேட், இதுதான் வேலை. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்பதால், வெளிநாட்டுக்காரர் யார் வந்தாலும் அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு நான் போய் நிற்க வேண்டும். இந்த இருவரும் அறுபதைத் தொட்டவர்கள். சொந்தமாக ஒரு பாய்மரப் படகு, அதிலேயே குடித்தனம். அதைக் கொச்சியில் நிறுத்திவிட்டு மலையைப் பார்க்க வந்தவர்கள், வாடகைக்கு வீடு பிடித்து மாதக்கணக்கில் தங்கிவிட்டார்கள்.

அந்தத் துரைக்குத் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும். அந்த அம்மாவுக்குப் பயம். சில துறைமுகங்களில் படகின் மூக்கைக் கரைப்பக்கமாக வைத்துக் கட்டுவார்களாம், மூக்கு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டுமாம். கொச்சியில் அப்படி ஏறும்போது கால் நழுவி, கரைக்கும் படகுக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்திருக்கிறார்.

"நான் நம்பிக் கால் வைக்கிற மாதிரி ஓர் ஏணியை மூக்கில் மாட்டினால் வருகிறேன். இல்லையென்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று கணவரிடம் சொன்னார். அதையும் என் எதிரிலேயே, காபிக்குச் சர்க்கரை போதும் என்பது போல் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள், ஓர் ஏணியில் வந்து நிற்கிறார்களே என்று.

துரையிடம் ஏணிப் படங்கள் போட்ட ஒரு புத்தகம் இருந்தது. கயிற்றேணி, கொக்கி ஏணி, மடக்கு ஏணி என்று பக்கம் பக்கமாக. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வந்தபின் அந்த அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால்? அதனால் ஒவ்வொன்றாக இங்கேயே செய்து, ஏறிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாயிற்று.

என் வீட்டுக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதும்மேல நிக்கும்னு கேளு."

கேட்டேன். எதன்மேலும் நிற்காது, மேலிருந்து தொங்கும் என்றார் துரை.

"தொங்கறது எப்படி ஏணி ஆவும்? தண்ணி இன்னா ஆழம்னு கேளு. அடி வரைக்கும் உட்டு ஊனிடலாம்."

இதை எப்படி மொழிபெயர்ப்பது? எனக்கும் அதே சந்தேகம்தான். எனக்குத் தெரிந்த நீர்ப் பயணம் எங்கள் ஊர் ஐயங்குளத்துத் தெப்பம் ஒன்றுதான். அதற்கு மூக்கும் கிடையாது, பயப்பட ஆழ்கடலும் கிடையாது.

முதலில் மரப்படி கோத்த கயிற்றேணி. பட்டறை உத்தரத்தில் மாட்டினோம். அந்த அம்மா கால் வைத்ததும் ஏணியின் அடிப்பாகம் முன்னால் ஓடி, அவர் மல்லாந்து தொங்கினார். நாங்கள் பிடித்து இறக்கினோம். முகம் வெளுத்துவிட்டது. அடுத்தது கொக்கி ஏணி. அது சுவரோடு ஒட்டிக்கொண்டது, படியில் கால்விரல் நுழையவில்லை. சுவரிலிருந்து தள்ளி நிற்க வீட்டுக்காரர் முட்டுக்கம்பி வைத்துப் பற்றவைத்தார். உடனே அகலம் ஜாஸ்தி என்றார் துரை, மூக்கு அவ்வளவு அகலம் இல்லையாம். குறைத்தால், கம்மி என்றார் அந்த அம்மா, இரண்டு கால் சேர்த்து நிற்க முடியவில்லையாம். ஒருநாள் கயிற்றேணியே தேவலை என்பார், மறுநாள் அதைப் பார்க்கவே மாட்டார். எனக்குத் தலை சுற்றியது.

"இந்தம்மாவுக்குப் போவ இஷ்டமில்லீங்க. சாக்கு சொல்றாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"ஏணி செரியில்லன்னா செரியில்லன்னுதான் சொல்லுவாங்க. நீ சும்மா இரு."

கடைசியில் மெட்ராஸிலிருந்து எவர்சில்வர் பைப் வரவழைத்து மடக்கு ஏணிக்கு வந்தார்கள். துரை நான்கு படி வரைந்து கொடுத்திருந்தார், நடுவில் கீல் வைத்து இரண்டின் மேல் இரண்டாக மடங்கும்படி. வீட்டுக்காரர் ஐந்து படி வைத்துவிட்டார். மடக்கினால் ஒரு படி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. துரை அதையே வெறித்துப் பார்த்தார்.

"நாலு வெச்சா நஷ்டத்துல முடியும். தண்ணில போற பொருளு. நான் செஞ்சி குடுக்க மாட்டேன்னு சொல்லு."

முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், மறுபடி லாபம் என்று எங்கள் பக்கம் எண்ணுவோம், கடைசிப் படி லாபத்தில் நிற்க வேண்டும் என்று விளக்கினேன். துரை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தண்ணீரையே ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். வீட்டுக்காரர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை, நிஜமாகவே யோசித்தார். பிறகு, "தண்ணி அசையும். அது படியாவாது" என்றார்.

அந்த அம்மா சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "இறங்கும்போது எப்படி எண்ணுவீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"அப்படித்தான். அதுவும் லாபத்தில் முடியும்."

"ஏறினாலும், இறங்கினாலும்?"

"ஆமாம்."

"அப்படியானால் இந்த ஏணிதான்" என்றார்.

மறுநாள் அவர்கள் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் அதை மாட்டினோம். ஐந்து படி தரைக்கு எட்டவில்லை, கீழே மேஜை போட்டோம். வீட்டுக்காரர் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, தடுமாறாமல், எங்கேயும் நிற்காமல் ஏறினார். கீழே துரையின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த அம்மா மாடியில் ரொம்ப நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதே ஏணியில் இறங்கி வந்தார்.

"ஏணி நன்றாக இருக்கிறது. எனக்குப் பயமே இல்லை" என்றார். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாளும் பயம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் இந்த மலையை விட்டு நான் வரவில்லை."

வீட்டுக்காரர் என்னைத் தொட்டார். "இன்னா சொல்றாங்க? படி வழுக்குதா?"

"இல்லீங்க. ஏணி நல்லா இருக்குதாம்."

"அப்ப எதுக்கு அவரு அழுவுறாரு?"

அந்த அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கோபம் வந்தது.

அந்த வாரமே துரை கொச்சிக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு ஏணியையும் கொண்டுவந்தார். சேலம் பஸ்ஸின் மேலே ஏறி என் வீட்டுக்காரர் அதைக் கட்டினார். அந்த அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இனிமேல் உங்களுக்கு இது எதற்கு?" என்று துரையைக் கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "எந்தத் துறைமுகத்துக்காவது அவள் வந்து நின்றால், மூக்கில் ஏணி இருக்க வேண்டுமே" என்றார்.

பஸ் நகர்ந்தது. ஐந்தாவது படி நீட்டிக்கொண்டு தெரிந்தது. அந்த அம்மா கையசைத்தார், பஸ் முனை திரும்பும் வரை. பட்டறைக்கு வரும் வழியில் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு ஏணி புடிச்சிச்சா, இல்லியா?"

புடிச்சிச்சு என்றேன். அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.